எபிசோட் 41: மாடித் தளத்துக் கட்டை மக்கினா, முதல்ல தண்ணியைத் தேடுங்க

பழைய வீட்டுச் சுவர் ஈரத்தைப் பத்திப் பேசின எபிசோடுக்கு அப்புறம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான். "எங்க வீட்டு மாடித் தளம் மரக்கட்டை மேல நிக்குது. கட்டையோட முனை மக்கிப்போச்சு. எல்லாத்தையும் பிரிச்சுட்டு கான்கிரீட் போட்டுடலாமா?" ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர்னு பெரும்பாலும் நம்ம பக்கத்து ஆட்கள்தான் கேட்டிருந்தாங்க. எங்க பெரியம்மா வீட்டுலயும் போன வருஷம் இதே வேலை நடந்துச்சு. அதனால இன்னைக்கு முழுக்க இதைத்தான் பேசப்போறோம்.

நான் சாஃப்ட்வேர் ஆள். படிச்சது இன்ஜினியரிங்தான், ஆனா சிவில் இல்ல. பெரியம்மா வீட்டுக்கு வந்த கட்டட இன்ஜினியர் சொன்னது, வேலை செஞ்ச ஆசாரி சொன்னது, நான் ஐ.எஸ். கோடு புத்தகத்துல தேடிப் படிச்சது, இந்த மூணையும் சேர்த்துச் சொல்றேன். உங்க வீட்டு முடிவை இந்த ஒரு எபிசோடை மட்டும் நம்பி எடுக்காதீங்க.

முதல்ல மரத் தளம்னா என்னன்னு பார்த்துடுவோம். யூடியூப்ல தேடினா வெள்ளைக்காரங்க வீட்டுல பலகை பலகையா பேத்து எடுக்கற வீடியோதான் வரும். நம்ம ஊர்ப் பழைய வீட்டுல நடக்கற இடத்துல மரம் கண்ணுக்கே தெரியாது. மேல ஓடு இல்லன்னா சிமெண்டு. கீழ் ரூம்ல நின்னு அண்ணாந்து பார்த்தாத்தான் வரிசையா கட்டைகள் தெரியும். இதுக்குப் பேர் மெட்ராஸ் டெரஸ். நம்ம ஊர் பேர்லயே ஒரு கட்டுமான முறை இருக்கு, நம்மள்ல நிறைய பேருக்கு அது தெரியாது.

அது எப்படி நிக்குதுன்னு சொல்றேன். சுவருக்குச் சுவர் ஒரு பெரிய உத்திரம். அதுக்குக் குறுக்கா ஒரு அடி, ஒன்றரை அடி இடைவெளியில கட்டைகள். வசதியான வீட்டுல பர்மா தேக்கு, மத்த வீட்டுல பனை. அந்தக் கட்டைகள் மேல மெலிசான சின்னச் செங்கல்லை நெட்டுக்குத்தா, மூலைவாட்டமா, சுண்ணாம்புச் சாந்துல ஒட்டி அடுக்கிட்டுப் போவாங்க. அதுக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, வரிசையா உட்கார்ந்து மரக்கட்டையால நாள் கணக்குல அடிப்பாங்க. அடிக்கும்போது கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணியைத் தெளிப்பாங்க. கடைசியா தட்டோடு. இந்தப் பக்கத்துச் சுண்ணாம்புல நிறைய கிளிஞ்சல் சுண்ணாம்பு. பழவேற்காடு ஏரிப் பக்கம் அள்ளின கிளிஞ்சலைச் சூளையில சுட்டு எடுத்தது. கடலோரத்து வீடு, பாதி கடலாலயே கட்டினதுன்னு வச்சுக்கோங்க.

இறுகிப்போன அந்தச் செங்கல், சுண்ணாம்பு அடுக்கு காலப்போக்குல கிட்டத்தட்ட ஒரே பலகை மாதிரி ஆயிடும். ஒரு கட்டை பலவீனமானா அதோட பாரத்தைப் பக்கத்துக் கட்டைகள் கொஞ்ச காலம் தாங்கும். இது நல்லதும்தான், கெட்டதும்தான். ஒவ்வொரு கட்டையா மாத்த முடியுதுன்னா அதனாலதான். முனை மக்கிப் பல வருஷம் ஆனாலும் மேல நடக்கறவங்களுக்கு ஒண்ணுமே தெரியாம போறதும் அதனாலதான்.

இப்ப நோய். தமிழ்ல இதுக்கு மூணு தனித்தனி வார்த்தை இருக்கு, நாம எல்லாத்தையும் போட்டுக் குழப்பிடறோம். உளுத்தது, கரையான் அரிச்சது, மக்கினது. குண்டூசித் தலை அளவு ஓட்டை, அதுலேர்ந்து மாவு மாதிரித் தூள் கொட்டினா உளுப்பு, வண்டோட வேலை. சுவர்ல மண்ணால கோடு போட்ட மாதிரிக் குழாய் ஏறி வந்திருந்தா கரையான். மரம் கறுத்தோ பழுப்பாவோ மாறி, கட்டம் கட்டமா வெடிச்சு, ஸ்க்ரூடிரைவர் வச்சு அழுத்தினா கேக்ல இறங்கற மாதிரி இறங்கினா அது மக்கல், பூஞ்சையோட வேலை. மூணுக்கும் வைத்தியம் வேற வேற. கரையான் மருந்து அடிக்கிறவரைக் கூப்பிட்டு மக்கின கட்டைக்கு மருந்து அடிச்சா பில் மட்டும்தான் மிச்சம்.

இன்னைக்குப் பேசறது மக்கலைப் பத்தி. இதுல ஒரு சுவாரசியமான கணக்கு இருக்கு.

மரத்தோட எடையில சுமார் 20 சதவீதத்துக்குக் கீழ ஈரம் இருந்தா பூஞ்சை அதைத் தின்ன முடியாது. சரி, சென்னைக் காத்துல ஈரப்பதம் 70, 80 சதவீதம் இருக்கே, அப்ப எல்லா மரமும் மக்கணுமேன்னு நினைக்கலாம். ரெண்டும் வேற வேற சதவீதம். காத்து ஈரப்பதம் 80 சதவீதம் இருக்கற இடத்துல, மழை படாம கிடக்கற மரத்துக்குள்ள ஈரம் சுமார் 15, 16 சதவீதத்துலதான் வந்து நிக்கும். அதாவது நம்ம ஊர்ப் புழுக்கம் மட்டும் ஒரு கட்டையை மக்க வைக்காது. ரூம் நடுவுல, காத்துல தொங்கற பாகம் நூறு வருஷம் ஆனாலும் கல்லு மாதிரி இருக்கும். மக்கினா அங்க எங்கேயோ நிஜத் தண்ணி வருதுன்னு அர்த்தம்.

தண்ணி எங்கெல்லாம் நிக்குமோ அங்கதான் கட்டையோட முனை இருக்கு, அதாவது சுவருக்குள்ள. நாலு, ஆறு இஞ்ச் சுவருக்குள்ள ஏறி உட்கார்ந்திருக்கும். மரத்தோட வெட்டுமுகம் இருக்கே, அது ஒரு கட்டு ஸ்ட்ராவைக் குறுக்கா வெட்டின மாதிரி. பக்கவாட்டை விட அந்த முகம் பல மடங்கு வேகமாத் தண்ணி குடிக்கும். அதைக் கொண்டுபோய் ஈரச் சுவர்ல சொருகி வச்சிருக்கோம். சுவர் காய்ஞ்சு இருக்கற வரைக்கும் பிரச்சினை இல்ல.

பெரியம்மா வீட்டுல பதினோரு கட்டை. தெருப் பக்கத்துச் சுவர்ல ஏறியிருந்த முனைகள்ல நாலு மக்கியிருந்துச்சு. எதிர்ப்பக்க முனைகள் பதினொண்ணும் நல்லா இருந்துச்சு. ஒரே வயசு, ஒரே மரம். இதைப் பார்த்ததுமே அந்த இன்ஜினியர் கட்டையைப் பார்க்கறதை விட்டுட்டு மொட்டை மாடிக்கு ஏறிட்டார். எங்க வேலையில ஒரு பக் ஒரே சர்வர்ல மட்டும் வந்தா கோடைத் திறக்காம அந்த சர்வர்ல என்ன வித்தியாசம்னு பார்ப்போம். அதே புத்திதான்.

மேல போனா, கைப்பிடிச்சுவர் அடியில மழைத்தண்ணி வெளியே போற தூம்பு இலையும் குப்பையும் அடைச்சுக் கிடந்துச்சு. பக்கத்துல ஒரு அரசங்கன்று, சுவருக்குள்ள வேர் விட்டு நல்லா ஜம்முனு இருந்துச்சு. அதுக்குக் கீழ, தெருப் பக்கத்துச் சுவர் முழுக்க ஏதோ ஒரு தீபாவளிக்குப் பூசின சிமெண்டுப் பூச்சு. மக்கின நாலு முனையும் சரியா அந்தத் தூம்புக்குக் கீழதான்.

சிமெண்டுப் பூச்சுதான் இதுல பெரிய வில்லன். பழைய செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் தண்ணியைக் குடிக்கும், அப்புறம் வெயில்ல வெளியே விட்டுடும். மேல சிமெண்டை இறுக்கிப் பூசிட்டா, வெடிப்பு வழியா உள்ளே போற தண்ணிக்குத் திரும்பி வர வழி இல்ல. கட்டடக்காரங்க ஒரு தோராயக் கணக்கு சொல்வாங்க: நனைஞ்ச சுவர் ஒரு இஞ்ச் காய ஒரு மாசம். 14 இஞ்ச் சுவர் ரெண்டு பக்கமும் மூச்சு விட்டா ஏழு மாசம். நமக்கு மழை அக்டோபர்லேர்ந்து டிசம்பர். டிசம்பர் கடைசியில ஊறின சுவர் ஜூலையில காயும், அக்டோபர்ல அடுத்த மழை. ஏதோ ஒரு மாதிரி தாக்குப்பிடிக்கும். ஒரு பக்கத்தைச் சிமெண்டால அடைச்சா அதே சுவருக்குப் பதினாலு மாசம் வேணும். வருஷத்துக்கு இருக்கறதே 12 மாசம். அப்புறம் அந்தச் சுவர் எந்த வருஷமும் காயாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்கு அப்புறம் உள்ளே நாள் கணக்குல தண்ணி நின்ன வீடுகள், பெயிண்டு அடிச்சு மூடறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்கணும்.

காசிமேட்டுக் காத்து வாங்கற வீடுகளுக்கு இன்னொரு தொந்தரவும் உண்டு, உப்பு. சமையல் உப்பு, காத்து ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா தானா தண்ணி இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். மழைக்காலத்துல வீட்டு உப்பு ஜாடியைப் பார்த்தாலே தெரியும். கடல்காத்து கொண்டு வந்து சேர்த்த உப்பு சுவருக்குள்ள இருந்தா, மழையே இல்லாத ராத்திரியிலயும் சுவர் காத்துலேர்ந்து தண்ணியை இழுக்கும். ஒரு பூச்சு வேலைக்கு உப்புக் கரிக்கிற போர் தண்ணியை ஊத்திக் கலந்தா நாமளே இன்னும் உப்பைச் சேர்க்கறோம். மீஞ்சூர் பக்கத்து நிலத்தடியில கடல்நீர் உள்ளே வர்றது 1960களோட கடைசியிலேர்ந்தே பதிவாகியிருக்கற விஷயம். வடசென்னையில போர் தண்ணியை ருசி பார்க்காம சாந்து குழைக்காதீங்க. நான் விளையாட்டுக்குச் சொல்லல.

சரி, கான்கிரீட் கேள்விக்கு வர்றேன். பெரியம்மா வீட்டுக்கு முதல்ல வந்த கான்டிராக்டர் இருபது நிமிஷத்துல முடிவு சொல்லிட்டுப் போயிட்டார். மொத்தத்தையும் உடைச்சுட்டு அஞ்சு இஞ்ச் ஸ்லாப். பெரியப்பா அட்வான்ஸ் குடுக்கவே ரெடி. பெரியம்மாதான் நிறுத்தினாங்க. "பக்கத்து வீட்டு ஆயா என்ன பண்ணும்?"னு கேட்டாங்க.

அந்தக் கேள்விக்குள்ள பெரிய இன்ஜினியரிங் இருக்கு. ராயபுரத்துப் பழைய தெருக்கள்ல பல வீட்டுக்கு நடுச்சுவர் பொது. நம்ம கட்டைகள் இந்தப் பக்கத்துலேர்ந்து ஏறியிருந்தா, அதே சுவர்ல அவங்க கட்டைகள் அந்தப் பக்கத்துலேர்ந்து ஏறியிருக்கும். கட்டைகள் தளத்தைத் தாங்கறதோட, எதிரெதிர் சுவர்களைச் சாயாம பிடிச்சும் வச்சிருக்கு. ஒரே நாள்ல எல்லாத்தையும் உருவினா, பழைய சுண்ணாம்புச் சாந்துல நிக்கற உயரமான சுவர் பிடிமானம் இல்லாம தனியா நிக்கும். மேல பிரேக்கர் மெஷின் வேற அதிரும். ஆயா வீட்டுக் கூரைக்கு என்ன ஆகும்னு யாரும் எழுதிக் குடுக்க மாட்டாங்க.

கான்கிரீட் பாரம் அதிகம், பழைய சுவர் தாங்காதுன்னு சிலர் சொல்வாங்க. அது அவ்வளவு சரி இல்ல. அஞ்சு இஞ்ச் ஸ்லாப் சதுர அடிக்குச் சுமார் 30 கிலோ. எட்டு இஞ்ச் மெட்ராஸ் டெரஸும் கிட்டத்தட்ட அதே அளவு, ரெண்டு மூணு கிலோ கூடவே வரும். எடையை விட்டுடலாம், விஷயம் கம்பியில இருக்கு. இந்திய கான்கிரீட் கோடு ஐ.எஸ். 456 கடலோரச் சூழலைக் கடுமையான வகையில வச்சிருக்கு. அங்க குறைஞ்சது எம்30 கலவை, கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்கணும்னு சொல்லுது. வீட்டு வேலையில கம்பிக்கு அடியில என்ன வைக்கிறாங்கன்னு போய்ப் பாருங்க. முக்கால் இஞ்ச், 20 மில்லிமீட்டர். சில இடத்துல உடைஞ்ச ஜல்லித் துண்டு. உப்பு கம்பியைத் தொட்டதும் துரு, துரு ஊதினதும் கான்கிரீட் வெடிச்சு விழும். எண்ணூர், திருவொற்றியூர்ல முப்பது வருஷத்துக் கான்கிரீட் வீடுகளோட சன்ஷேடை அண்ணாந்து பார்த்தாப் போதும். கோடு சொல்ற மாதிரி போட்டா கான்கிரீட்டும் நல்லா நிக்கும், இல்லன்னு சொல்லல. ஆனா தூம்பு அடைப்பை விட்டுட்டு ஸ்லாப் போட்டா, மரம் குடிச்ச தண்ணியை இனிமே கம்பி குடிக்கும்.

அப்ப பெரியம்மா வீட்டுல என்ன பண்ணினோம்? முதல் ரெண்டு மாசம் கட்டையைத் தொடவே இல்ல. முட்டு மட்டும் குடுத்தாங்க. தூம்பைச் சுத்தம் பண்ணி, வாயை அகலமாக்கி, பைப்பைச் சுவரை விட்டுத் தள்ளி இறக்கினாங்க. அரசங்கன்னை வேரோட எடுத்தாங்க. மேல வெட்டினா மட்டும் போதாது, அது மறுபடி துளிர்க்கும். தெருப் பக்கத்துச் சிமெண்டை மெதுவா கொத்தி எடுத்துட்டுச் சுண்ணாம்புப் பூச்சு. பிப்ரவரியில ஆரம்பிச்சதால வெயில் உதவுச்சு.

முட்டு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்றேன், ஆபத்து இங்கதான். பத்துக்குப் பன்னெண்டு ரூம்னா மேல இருக்கற தளம் மட்டுமே 4 டன்னுக்குப் பக்கம். முட்டு நிக்கற இடம் மண் வரைக்கும் கெட்டியா இருக்கணும், அடியில அகலமான பலகை வேணும். மேல இன்னொரு பலகையைக் குறுக்கா வச்சு எல்லாக் கட்டையையும் சேர்த்துத் தாங்கணும். தொங்கின தளத்தை ஜாக்கி போட்டு நிமித்தணும்னு யாராவது கிளம்பினா தடுத்துடுங்க. சுண்ணாம்புத் தளம் பல வருஷமா மெதுவா வளைஞ்சு அந்த உருவத்துல செட் ஆகியிருக்கு. ஒரே நாள்ல தூக்கினா வெடிக்கும். மேல இருக்கற தண்ணி டேங்கு, பீரோ, அரிசி டிரம் எல்லாத்தையும் முதல்ல காலி பண்ணுங்க.

அப்புறம் ஆசாரி ஒவ்வொரு முனையா திறந்தார். சுத்தியால தட்டினா நல்ல மரம் கணீர்னும், மக்கினது டொக்குன்னும் கேட்கும். சந்தேகமான இடத்துல மெலிசா டிரில் போட்டு வர்ற தூளைப் பார்த்தார். சுருள் சுருளா, தேக்கு வாசனையோட வந்தா நல்லது. ஈரமா, கறுப்பா, காப்பித்தூள் மாதிரி வந்தா இன்னும் உள்ளே போகணும். ரெண்டு கட்டையில மக்கல் ஒரு அடிக்குள்ள நின்னுடுச்சு. அதை நல்ல மரம் வர்ற வரைக்கும் வெட்டி, பழைய தேக்குலேர்ந்தே ஒரு துண்டு எடுத்து அரைக்கு அரை சேர்த்துப் போல்ட்டு போட்டார். சேர்மானம் எவ்வளவு நீளம், எத்தனை போல்ட்டுன்னு இன்ஜினியர் கணக்குப் போட்டுக் குடுத்தார். அதை ஆசாரியோட கண்மட்டத்துக்கு விடக்கூடாது, இதை அந்த ஆசாரியே சொன்னார். "ஒட்டற வேலை எனக்குத் தெரியும் தம்பி, எவ்வளவு தாங்கும்னு அவரைக் கேளு"ன்னார். போல்ட்டு துருப்பிடிக்காத ஸ்டீல். கடல் இவ்வளவு பக்கத்துல இருக்கும்போது சாதா இரும்பு போட்டு மிச்சம் பிடிக்காதீங்க.

மத்த ரெண்டு கட்டைக்கு முழு மாத்து. பழைய வீடு இடிக்கிறவங்க கடையில கிடைச்ச பழைய தேக்கு. புதுத் தோட்டத் தேக்குல வெளிமரம் அதிகம், வைரம் கம்மி. மக்கலைத் தாங்கறது வைரம்தான். ரெண்டு சுவருக்கு நடுவுல, சுவர் இடைவெளியை விட நீளமான கட்டையை எப்படி நுழைக்கறது? நானும் அதைத்தான் யோசிச்சுட்டு இருந்தேன். ஒரு பக்கத்துக் குழியை ரெண்டு மடங்கு ஆழமா பறிச்சு, சாய்ச்சு அதுக்குள்ள முழுசா தள்ளி, நேராக்கி, எதிர்க் குழிக்குள்ள பின்னால இழுத்துட்டார். அஞ்சு நிமிஷம்.

முனை உட்கார்ற விதத்துலதான் அடுத்த அம்பது வருஷம் இருக்கு. அடியில ஒரு சின்னக் கருங்கல் பலகை, அதுக்கு மேல தண்ணி ஏறாத ஷீட்டுத் துண்டு, அதுக்கு மேல கட்டை. பக்கத்துலயும் மேலயும் பின்னாலயும் விரல் நுழையற இடைவெளி. கொத்தனார் வழக்கப்படி அந்த இடைவெளியைச் சாந்து போட்டு நல்லா மூடிட்டுப் போக வந்தார். அவரை நிறுத்தறதுதான் அந்த ரெண்டு வாரத்துலயே கஷ்டமான வேலை. மூடாம விட்டா வேலை அரைகுறையா தெரியும்னு அவருக்கு வருத்தம். நனைஞ்சாலும் காயறதுக்குத்தான் அந்தக் காத்து.

மேல தட்டோடு பேந்த இடத்துல மட்டும் கடுக்காய்ச் சுண்ணாம்பு போட்டு அடைச்சோம். இதுக்கெல்லாம் இப்ப ஆள் கிடைக்குமான்னு கேட்பீங்க. கிடைக்கும், தேடணும். சேப்பாக்கம் அரண்மனையில 2012 ஜனவரியில தீப்பிடிச்ச கலஸ் மஹாலையும், பக்கத்துல இருக்கற ஹுமாயூன் மஹாலையும் பொதுப்பணித்துறை சுண்ணாம்பு முறையிலதான் சீரமைச்சாங்க. அந்த மாதிரி பாரம்பரியக் கட்டட வேலைகள்ல கைபழகின ஆட்கள் ஊருக்குள்ள இருக்காங்க. நம்ம ராயபுரம் ரயில் நிலையமே 1856ல திறந்த கட்டடம், 2005ல புதுப்பிச்சாங்க.

எல்லா வீட்டையும் இப்படிக் காப்பாத்த முடியாது. பெரிய உத்திரமே சுவர்ல ஏறின இடத்துல மக்கியிருந்தாலோ, அடுத்தடுத்து இருக்கற கட்டைகள் பாதிக்கு மேல போயிருந்தாலோ, சுவர் தளத்தை விட்டு விலகி வெடிப்பு வளர்ந்துட்டே போனாலோ, அது வேற கணக்கு. அதுலயும் மழைக்காலத்துல மேலேர்ந்து சுண்ணாம்புத் தூள் புதுசா கொட்ட ஆரம்பிச்சா, ராத்திரி 'டக்'னு மரம் முறியற சத்தம் கேட்டா, அந்த ரூமை அப்பவே காலி பண்ணுங்க. கீழே இருக்கற ரூமையும்தான். வாடகைக்கு இருக்கறவங்க "ஓனர் வரட்டும்"னு காத்திருக்க வேண்டாம். இன்ஜினியரைக் காலையில கூப்பிட்டுக்கலாம்.

கேள்வி அனுப்பினவங்கள்ல ஒருத்தர் கட்டைக்கு எண்ணெய் அடிக்கலாமான்னு கேட்டிருந்தார். வெளியே தெரியற பாகத்துக்கு அடிக்கலாம், அழகா இருக்கும். மக்கற முனைக்கு அது போய்ச் சேராது. இன்னொருத்தர் தன் வீட்டுல உத்திரத்துக்குப் பதிலா பழைய தண்டவாளம் போட்டிருக்குன்னு போட்டோ அனுப்பியிருக்கார். வடசென்னையில அது நிறைய உண்டு, அதோட துரு தனிக் கதை. அடுத்த எபிசோட்ல அதைப் பேசுவோம். அதுக்கு முன்னாடி செப்டம்பர் முடியறதுக்குள்ள மொட்டை மாடிக்கு ஏறி, தூம்புல கையை விட்டுப் பார்த்துடுங்க.